லண்டன் சந்தையில் ஆஸ்திரேலிய ஒயின்: முகவர்கள் வளர்த்த ஒரு வணிகம்

பிழிந்த திராட்சைச் சாற்றை நொதிக்க வைத்துப் பெறும் ஒயின், ஐரோப்பியச் சந்தைகளில் தரத்தை மட்டுமே நம்பி விலைபோன பண்டம் அன்று. விளைந்த ஊரின் பெயரும், அப்பெயரைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த வணிகரின் வாக்கும் அதன் விலையில் பெரும் பங்கு வகித்தன. போர்தோ, ஒபோர்ட்டோ முதலிய பழைய துறைமுகங்களில் ஆங்கிலேய வணிகக் குடும்பங்களே குடியேறி வாழ்ந்ததால், பிரெஞ்சு, போர்த்துகீசிய ஒயின்களுக்கு லண்டனில் அறிமுகம் தேவைப்படவில்லை. ஊர்ப்பெயர் யாருக்கும் தெரியாத, கப்பலில் பல வாரப் பயணத் தொலைவிலிருந்த ஆஸ்திரேலியாவுக்கோ, வாங்குவோர் நடுவிலேயே தங்கியிருந்து தன் ஒயினுக்காக வாதாடும் ஆள் இன்றியமையாதவராக இருந்தார். இந்த வேலைக்கே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர்களில் இருவர் தனித்து நிற்கின்றனர்: 1870களில் தொழிலைத் தொடங்கிய வணிகர் பீட்டர் பாண்ட் பர்கோய்ன், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் லண்டனில் ஆஸ்திரேலிய ஒயின் பணியகத்தை நடத்திய ஹேஸல் மர்ஃபி. முன்னவர் ஒயினை வாங்கி விற்றவர். பின்னவரிடம் விற்பதற்கென்று சொந்தமாக ஒரு புட்டி கூட இருந்ததில்லை. இவர்கள் விட்டுச்சென்ற விளைவுகள் வேறுபட்டதற்கு இந்த ஒரு வேறுபாடே பெரிய காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.

ஆஸ்திரேலிய ஒயின் லண்டனுக்குச் சென்றது பர்கோய்னுக்கு வெகுகாலம் முன்பே. சிட்னிக்கு அருகில் தோட்டம் வைத்திருந்த கிரெகரி பிளாக்ஸ்லாண்ட் 1822இல் அனுப்பிய ஒயினுக்கு, லண்டன் கலைகள் சங்கம் அடுத்த ஆண்டில் வெள்ளிப் பதக்கமும் 1828இல் தங்கப் பதக்கமும் வழங்கியது. பதக்கங்கள் குடியேற்ற நாட்டு நாளிதழ்களுக்கு மகிழ்ச்சியூட்டும் செய்திகளாயின, சந்தையை உருவாக்கவில்லை. பரிசு பெற்ற ஒயினை மறுநாள் எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல லண்டனில் ஒருவரும் இல்லை. அடிலெய்டுக்கு அருகே ஆல்டானா தோட்டத்தை நிறுவிய பேட்ரிக் ஆல்ட் போன்றோர் இந்தக் குறையை உணர்ந்து, லண்டனில் விற்பனை அமைப்பொன்றை ஏற்படுத்த முயன்றது பிற்காலத்தில்தான்.

அக்கால வணிகத்தின் போக்கைத் தீர்மானித்தது சுவை அன்று, சுங்கம். 1860 வரை பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளின் ஒயினுக்கு அயல்நாட்டு ஒயினுக்குரிய வரியில் ஏறத்தாழப் பாதியையே விதித்து வந்தது. அந்த ஆண்டில் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் பிரான்சுடன் செய்த வணிக உடன்பாட்டையொட்டி இந்தச் சலுகையை நீக்கினார். 1862இல் நிலைபெற்ற புதிய முறையில், ஒயினின் விளைவிடம் எதுவாயினும் அதிலுள்ள சாராயத்தின் அளவைக் கொண்டே வரி கணக்கிடப்பட்டது: 26 பாகை வரை காலனுக்கு 1 ஷில்லிங், அதற்கு மேல் 42 பாகை வரை இரண்டரை ஷில்லிங். பாகை என்பது பிரிட்டிஷ் சுங்கத்துறை கையாண்ட சாராய அளவை. அதன்படி 26 பாகை என்பது இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பதினைந்துக்குச் சற்றுக் குறைவான சாராயம். மென்மையான பிரெஞ்சு ஒயின் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே நின்றது. சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்ட போர்ட், ஷெர்ரி வகைகள் கோட்டுக்கு மேலே நின்று கூடுதல் வரியைச் செலுத்தின. ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்களில் பலவோ, வெயிலில் முற்றிக் கனிந்த திராட்சையின் மிகுந்த சர்க்கரையால், சரியாக அந்தக் கோட்டின் மீதே வந்து நின்றன.

லண்டன் துறைமுகக் கிடங்கில் நடந்த சோதனையை நோக்கினால், ஒரு வணிகத்தின் இலாபநட்டம் எவ்வளவு மெல்லிய அளவில் ஊசலாடியது என்பது விளங்கும். சுங்க அதிகாரி பீப்பாயிலிருந்து சிறிதளவு ஒயினை எடுத்து அளந்து, சிறிய வாலைக்கலத்திலிட்டுக் காய்ச்சி, வடிந்த சாராயத்தோடு நீர் சேர்த்துப் பழைய கொள்ளளவுக்குக் கொண்டுவருவார். பின்னர் 1816 முதல் சட்டப்படி வழக்கிலிருந்த சைக்ஸின் பித்தளை மிதவையை அதில் மிதக்கவிட்டு, அதன் தண்டிலுள்ள கோடு எங்கே நிற்கிறதென்று பார்த்து, வெப்பநிலைக்குரிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாகையை எழுதுவார். 26க்கு மேலே சென்ற பீப்பாயின் வரி ஒரே நொடியில் இரண்டரை மடங்காகியது. ஏழைகளும் நடுத்தர வகுப்பினரும் வாங்கத்தக்க விலையில் விற்க நினைத்த ஒயினுக்கு அது தாங்க முடியாத சுமை. இயற்கையான நொதிப்பினால் மட்டும் இவ்வளவு சாராயம் உண்டாக இயலாது, வெளியிலிருந்து சேர்த்திருக்க வேண்டும் என்ற ஐயமும் அதிகாரிகளிடையே பரவலாக இருந்ததால், ஆஸ்திரேலிய ஒயினை விற்றவர் விலையை மட்டுமன்றித் தம் நேர்மையையும் சேர்த்தே காக்க வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில்தான் 1844இல் பிறந்த பர்கோய்ன் 1870களின் தொடக்கத்தில் இவ்வணிகத்தில் இறங்கினார். லண்டன் நகரின் டவ்கேட் ஹில்லில் அமைந்த அவரது நிறுவனம், தென் ஆஸ்திரேலியாவின் தோட்டக்காரர்களிடமிருந்து பீப்பாய்களாக ஒயினை வரவழைத்து, லண்டனில் கலந்து, புட்டியில் அடைத்துத் தன் முத்திரையோடு விற்றது. தோட்டக்காரர்களுள் முதன்மையானவரான தாமஸ் ஹார்டியோடு முதலில் இணைந்தும் பின்னர் பிணங்கியும் அவர் நடத்திய வணிகம், ஆஸ்திரேலிய ஒயின் என்றாலே பர்கோய்ன் என்று ஆங்கிலேயர் பலர் எண்ணுமளவுக்கு வளர்ந்தது. அதற்கு வழி செய்தது இன்னொரு சட்டம். கிளாட்ஸ்டன் ஒயின் வரியை மாற்றிய அதே ஆண்டுகளில் மளிகைக்கடைக்காரரும் உரிமம் பெற்று ஒயினைப் புட்டியாக விற்கலாம் என்று அனுமதித்திருந்தார். பழைய ஒயின் வணிகர்கள் தம் பிரெஞ்சுத் தொடர்புகளை விட்டு வெளியே பார்க்க மறுத்த நிலையில், பர்கோய்ன் மளிகைக்கடையையும் அதில் வாங்கும் இல்லத்தரசியையும் நாடினார்.

விளம்பரத்தில் அவர் பிடித்த துறை மருத்துவம். அடிலெய்டுக்குத் தெற்கே மெக்லாரன் வேலில் உள்ள டின்டாரா தோட்டம், அலெக்சாண்டர் கெல்லி என்ற மருத்துவரால் நிறுவப்பட்டு, பின்னர் நலிவுற்று 1876இல் ஹார்டியின் கைக்கு வந்தது. அந்தத் தோட்டத்துச் செம்மண்ணில் இரும்புச்சத்து மிகுதி, எனவே அந்த ஒயின் இரத்தச்சோகை கொண்டோருக்கும் நோயிலிருந்து தேறுவோருக்கும் ஏற்றது என்று பர்கோய்னின் விளம்பரங்கள் கூறின. மருத்துவரின் பரிந்துரை என்ற சொற்களும் அவற்றில் தவறாமல் இடம்பெற்றன. மண்ணின் இரும்பு அப்படியே ஒயினுக்குள் இறங்கிவிடும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை. ஆயினும் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றிருந்த விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், வலுவான சிவப்பு ஒயினை மனச்சான்று உறுத்தாமல் வீட்டுக்குள் கொண்டுவர இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது. ஆஸ்திரேலிய ஒயின் முன்னோடிகளில் கெல்லி மட்டுமன்றி பென்ஃபோல்ட், லிண்டமன் ஆகியோரும் மருத்துவர்களாகவே இருந்தது இந்த விளம்பரத்துக்கு இசைவாக அமைந்தது. இதன் விலை பின்னாளில்தான் தெரிந்தது: நோயாளிக்குரிய சத்துப்பானம் என்று அறிமுகமான ஒயினை, விருந்து மேசையில் வைக்கத்தக்கதாக யாரும் கருதவில்லை.

பாகை பற்றிய வழக்கில் முகவர்களின் வாதம் நேரானது. வெப்பமான நாட்டில் திராட்சை கூடுதலாகக் கனிகிறது, அச்சாறு தானாகவே 26 பாகையைத் தாண்டுகிறது, இயற்கை செய்ததற்கு ஒயினைத் தண்டிப்பது முறையன்று என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். 1879இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒயின் வரிகளை ஆராயத் தனிக்குழுவே அமைத்தது. இறுதியில் 1886இல் கோடு 30 பாகைக்கு உயர்த்தப்பட்டபோது, அதற்கு உடனடிக் காரணமாயிருந்தது ஆஸ்திரேலியாவின் முறையீடு அன்று, ஸ்பெயினுடன் பிரிட்டன் செய்துகொண்ட வணிக ஏற்பாடு. எனினும் பயன் ஆஸ்திரேலியாவுக்கும் கிடைத்தது. வெளிநாட்டில் ஒரு பண்டத்தைப் பரப்புவோரின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நிகழ்வது: உழைப்பு ஒருவருடையது, கதவைத் திறந்தது வேறொருவருக்கான உடன்படிக்கை.

அதே காலத்தில் பிரான்சின் தோட்டங்களை ஃபிலாக்சரா என்னும் நுண்ணிய பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து கொடியின் வேரை உறிஞ்சிச் சாகடிக்கும் இப்பூச்சியின் விளைவாக, 1875இல் 8 கோடி ஹெக்டோலிட்டரைத் தாண்டியிருந்த பிரெஞ்சு உற்பத்தி 1889இல் இரண்டரைக் கோடிக்கும் கீழே சரிந்தது. விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் பகுதியில் 1877இல் பூச்சி தென்பட்டபோதும் தென் ஆஸ்திரேலியா தப்பியது. 1886இல் லண்டனின் தென் கென்சிங்டனில் நடந்த குடியேற்ற நாடுகள் மற்றும் இந்தியப் பொருட்காட்சி, பல இலட்சம் பார்வையாளர்களுக்கு ஆஸ்திரேலிய ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர் பறித்த இலங்கைத் தேயிலையும் அதே கூரையின் கீழ் ஆங்கிலேயருக்குப் பரவலாக அறிமுகமாயிற்று. பேரரசின் புதிய பானங்கள் இரண்டும் பழைய போட்டியாளரைத் தள்ளிக்கொண்டு நுழைந்தன, எனினும் தேயிலைக்குக் கிட்டிய வேகம் ஒயினுக்கு வாய்க்கவில்லை.

ஒயின் தேயிலையைப் போல உலர்ந்த பண்டம் அன்று என்பது ஒரு காரணம். முந்நூறு லிட்டர் அளவுள்ள மரப்பீப்பாய்களில் வெப்ப மண்டலத்தைக் கடந்து வரும்போது, முழுதும் நொதித்து அடங்காத இளம் ஒயின் மீண்டும் பொங்கியது. தூய்மை குறைந்த பீப்பாயில் அது புளித்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பின் நீராவிக் கப்பல்கள் பயணத்தைக் குறைத்தன என்றாலும் செங்கடலின் வெப்பத்தைக் குறைக்கவில்லை. சில ஆண்டுகளின் சரக்கு நன்றாகவும் சில ஆண்டுகளின் சரக்கு கெட்டும் வந்ததால், பர்கோய்ன் லண்டன் கிடங்கில் பலருடைய ஒயின்களைக் கலந்து, ஆண்டுதோறும் ஒரே சுவையுடைய, அடர்த்தியான, வலுவான சிவப்பு ஒயினை உருவாக்கினார். வாங்குவோர் அதையே விரும்பினர். தோட்டக்காரர்களுக்கும் அத்தகைய ஒயினையே அனுப்புமாறு அவர் எழுதினார். விக்டோரியாவின் ரதர்க்ளென் பகுதியில் மவுண்ட் ஓஃபிர் தோட்டத்தைச் சொந்தமாகவே வாங்கிப் பெரிய ஒயின் ஆலையொன்றை அவர் நடத்தினார்.

தோட்டக்காரர்களின் குறையும் இங்கேதான் பிறந்தது. தம் தோட்டத்தின் பெயர் பீப்பாயோடு மறைந்துவிடுவதையும், புட்டியில் வணிகரின் பெயர் மட்டுமே எஞ்சுவதையும், விலையை ஒருவரே தீர்மானிப்பதையும் அவர்கள் வெறுத்தனர். 1894இல் தென் ஆஸ்திரேலிய அரசு லண்டனில் ஒயின் மற்றும் விளைபொருள் கிடங்கு ஒன்றைத் திறந்து, எர்னஸ்ட் பர்னி யங் என்பவரை மேலாளராக்கியது. கலப்படமற்றது என்ற அரசுச் சான்றோடு ஒயினை விற்பதே அதன் நோக்கம். தனியார் கட்டியெழுப்பிய சந்தையில் வரிப்பணத்தைக் கொண்டு அரசு போட்டியிடுவதாகக் கூறிப் பர்கோய்ன் கடுமையாக எதிர்த்தார். இருபக்கமும் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். விளம்பரத்துக்கு இருபது ஆண்டுகள் செலவிட்டவர் அதன் பயனைக் காக்க முனைந்தது இயல்பு; அதே சமயம் அந்த விளம்பரம் நாட்டின் பெயரை வளர்த்ததைவிடத் தம் பெயரையே அதிகம் வளர்த்தது என்ற குற்றச்சாட்டையும் மறுக்க இயலாது. அரசுக் கிடங்கு நீடிக்கவில்லை. சான்றிதழை வழங்குவது அரசுக்கு எளிதாக இருந்தது. மளிகைக்கடை மளிகைக்கடையாக ஏறி இறங்கி விற்பது வேறு தொழில்.

முதல் உலகப் போருக்குப் பின் சுங்கமே மீண்டும் முன்னணிக்கு வந்தது. பிரிட்டன் 1919இல் பேரரசு நாடுகளுக்கு வரிச்சலுகையை மீட்டளித்து, 1925இல் நிதியமைச்சர் சர்ச்சிலின் காலத்தில் அதை விரிவாக்கியது. 1927இல் அயல்நாட்டு வலுவூட்டிய ஒயினுக்குக் காலனுக்கு 8 ஷில்லிங் வரி என்றால் ஆஸ்திரேலியாவினதற்கு 4 ஷில்லிங். போரிலிருந்து மீண்ட படைவீரர்களை மர்ரி ஆற்றங்கரையில் குடியமர்த்தித் திராட்சை பயிரிடச் செய்ததால் குவிந்த விளைச்சலைக் கரைக்க, ஆஸ்திரேலிய அரசும் 1924 முதல் வலுவூட்டிய ஒயினின் ஏற்றுமதிக்குக் காலனுக்கு 4 ஷில்லிங் ஊக்கத்தொகை அளித்தது. இரு நாட்டுக் கருவூலங்களும் ஒரே பக்கம் தள்ள, 1930களில் பிரிட்டன் பிரான்சைவிட ஆஸ்திரேலியாவிடமிருந்து கூடுதலான ஒயினை வாங்கிய ஆண்டுகள் இருந்தன. பர்கோய்ன் 1929இல் இறந்தார்; ஆஸ்திரேலியா அதே ஆண்டில் சட்டம் இயற்றி ஒயின் வெளிநாட்டு விற்பனை வாரியத்தை நிறுவியது. அளவு பெருகியது, மதிப்பு பெருகவில்லை. சர்க்கரையும் சாராயமும் மிகுந்த மலிவான இனிப்பு ஒயினும், பர்கோய்ன் நிறுவனத்தின் ஹார்வெஸ்ட் பர்கண்டி, எமு நிறுவனத்தின் சரக்கு முதலிய கனத்த சிவப்பு ஒயின்களுமே பிரிட்டிஷ் கடைகளில் ஆஸ்திரேலியாவின் முகமாயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த முகமும் மங்கியது. பர்கோய்ன் நிறுவனம் 1950களில் எமுவிடமும், எமு 1976இல் ஹார்டி நிறுவனத்திடமும் சென்றன. பிரிட்டன் 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும் பழைய வரிச்சலுகையின் காலம் முடிந்தது. ஆஸ்திரேலிய ஒயினைக் கேலி செய்து மான்டி பைத்தன் குழு 1972இல் ஒலிப்பதிவாகவே ஒரு நகைச்சுவையை வெளியிட்டது. கேலிக்கு விளக்கம் தேவைப்படவில்லை என்பதே ஆஸ்திரேலிய ஒயினின் அன்றைய மதிப்பைக் காட்டும். உள்நாட்டிலோ நிலைமை வேறாகியிருந்தது. குளிரூட்டிய எஃகுத் தொட்டிகளில் நொதிக்கவைத்த, பழமணம் மாறாத உலர் ஒயின்கள் பெருகியிருந்தன. 1979இல் பாரிஸில் கோ-மிய்யோ இதழ் நடத்திய போட்டியில் டைரல் நிறுவனத்தின் 1976ஆம் ஆண்டுப் பினோ நுவார் தன் பிரிவில் முதன்மை பெற்றது. லண்டன் வாங்குவோருக்கு இது எட்டவில்லை.

எட்டச் செய்தது 1980களின் நடுவில் லண்டன் பணியகத்தின் பொறுப்பை ஏற்ற ஹேஸல் மர்ஃபியும் அவருடைய சிறு குழுவும். காலமும் அவருக்கு உதவியது என்பதை மறைக்கக் கூடாது. 1983 டிசம்பரில் ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு சந்தைக்கு விடப்பட்டு, அடுத்த ஆண்டுகளில் வெகுவாக இறங்கியதால் ஏற்றுமதி விலை குறைந்தது. உள்நாட்டில் திராட்சை மிகுந்து, கொடிகளைப் பிடுங்க அரசே பணம் கொடுத்த காலம் அது. 1985இல் ஆஸ்திரிய ஒயினிலும் 1986இல் இத்தாலிய ஒயினிலும் நச்சுக் கலப்படம் வெளிப்பட்டு, பழைய நாடுகளின் மீதிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. பல்பொருள் அங்காடிகளும் ஆட்பின்ஸ் போன்ற கடைத்தொடர்களும் புதிய சரக்கைத் தேடிக்கொண்டிருந்தன.

ஒயின் வணிகப் பரம்பரையைச் சாராதவரான மர்ஃபியின் முறை எளிமையானது: ஒயினைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுப்பது. வணிகச் சுவைப்பு என்பது நீண்ட மேசைகளில் திறந்த புட்டிகளை வரிசையாக வைத்து, கடைகளின் கொள்முதல் அலுவலரும் இதழாளரும் ஒவ்வொன்றையும் வாயிலிட்டு, துப்புகலத்தில் உமிழ்ந்து, குறித்துக்கொண்டு நகரும் நிகழ்ச்சி. லண்டனில் அத்தகைய கூடங்களில் வழக்கமாக மேசைக்குப் பின்னால் நின்றவர் இறக்குமதியாளரின் விற்பனையாளர். ஆஸ்திரேலிய மேசைகளிலோ, திராட்சையை விளைவித்து ஒயினை ஆக்கியவரே நின்று, கேட்ட கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் விடையளித்தார். ஊர்ப்பெயர்களின் புதிருக்கு மாறாகச் சிட்டையில் ஷார்டனே, ஷிராஸ் என்று திராட்சை வகையின் பெயரே எழுதப்பட்டிருந்ததால், பர்கண்டி எங்கே இருக்கிறதென்று அறியாதவரும் தயக்கமின்றி வாங்கினர். 1992இல் கடைக்காரர்களும் ஒயின் வல்லுநர்களுமாக ஏறத்தாழ நூறு பேரைப் பணியகம் ஆஸ்திரேலியாவுக்கே அழைத்துச்சென்று தோட்டங்களைக் காட்டியது. அவர்களுள் பலர், லண்டன் நிறுவனமொன்று நடத்தும் மிகக் கடினமான தேர்வில் தேறி ஒயின் வல்லுநர் பட்டம் பெற்றவர்கள். ஊர் திரும்பியபின் ஆஸ்திரேலியாவுக்காகப் பேசியோர் அவர்களே. பணியகம் அந்த வேலைக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கவில்லை.

பணியகம் யாருடைய சரக்கையும் வாங்கவோ கலக்கவோ இல்லை. தயாரிப்பாளர்களின் பணத்தில் நடந்த பொது அமைப்பாதலால், பெரிய நிறுவனத்தின் புட்டியும் குடும்பத் தோட்டத்தின் புட்டியும் ஒரே மேசையில் இடம்பெற்றன. பர்கோய்ன் காலத்துத் தோட்டக்காரர்கள் அரசுக் கிடங்கிடம் எதிர்பார்த்ததும் இதுவே. அன்று கிடைக்காத விற்பனைத் திறனும் ஏற்ற சரக்கும் இப்போது சேர்ந்திருந்தன. 1980களின் நடுவில் ஒரு கோடி லிட்டரையொட்டி நின்ற ஆஸ்திரேலியாவின் மொத்த ஒயின் ஏற்றுமதி, 2000–01இல் 30 கோடி லிட்டரைத் தாண்டியது; அதில் மிகப் பெரிய பங்கை வாங்கியது பிரிட்டன். மர்ஃபி பொறுப்பிலிருந்து விலகிய 2000களின் தொடக்க ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடை விற்பனையில் ஆஸ்திரேலியா பிரான்சை முந்தியிருந்தது.

1994இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்துகொண்ட ஒயின் உடன்படிக்கையின் வழி, பர்கண்டி, ஷாம்பெயின் முதலிய ஐரோப்பிய ஊர்ப்பெயர்களைத் தன் புட்டிகளில் இட்டு விற்கும் பழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட ஆஸ்திரேலியா இசைந்தது. பர்கோய்னின் வணிகத்தில் பெரும்பகுதி நின்றது அந்த இரவல் பெயர்களின் மீதே. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இப்படியொரு விதி வந்திருந்தால் லண்டனில் ஆஸ்திரேலிய ஒயினுக்கு விலாசமே இருந்திராது. 1994இல் அப்பெயர்களை விட்டுக்கொடுப்பது ஏறத்தாழச் செலவில்லாத சலுகையாகவே இருந்தது. அந்த வெற்றிக்கு வழிசெய்த அதே பிரிட்டிஷ் பல்பொருள் அங்காடிகள் தள்ளுபடி விலையைத் தொடர்ந்து கேட்கத் தொடங்கி, ஆஸ்திரேலிய ஒயினை மறுபடியும் மலிவுச் சரக்காக்கிய கதை அடுத்த பத்தாண்டைச் சேர்ந்தது. அந்நெருக்கத்திலிருந்து தப்ப விரும்பிய தயாரிப்பாளர்கள் சீனாவை நோக்கித் திரும்பினர். அங்கே சந்தை பெருகிய நிலையில், 2021 மார்ச்சில் சீன அரசு ஆஸ்திரேலியப் புட்டி ஒயினுக்கு 218 விழுக்காடு வரை வரி விதித்து, 2024 மார்ச் மாத இறுதியில் அதை நீக்கியது.